மேற்குச் சுவருக்கு அங்கிட்டு

மூன்று மணிக்குக் கல்லறைகளை மந்திரிக்க வரப்போகிற பங்குச் சாமியாருக்காக ஒன்று நாற்பதுக்கே வந்து உட்கார்ந்திருப்பவனை என்னவென்று சொல்வது. வேலை இல்லாதவன் என்று சலேத் அக்கா சொல்வாள். அவளுக்கு நான் எதைச் செய்தாலும் வேலை இல்லாதவன்தான், முப்பத்திரண்டு வருஷமாக அரசாங்கத்தில் நில அளவராக இருந்தும். உட்கார்ந்திருப்பது பாதி உடைந்த திருகைக்கல்லின் மேல். போன மாதம் அளக்க வந்தபோது சுவருக்கு வெளியே கிடந்தது, உட்கார வாகாக இருக்கிறதே என்று நானே தூக்கிக்கொண்டு வந்து இந்த உடைமரத்தடியில் போட்டேன். நிழல் என்று சொல்ல முடியாது. சல்லடை மாதிரி வெயிலைச் சலித்துத் தலையில் கொட்டுகிற மரம். ஐப்பசி பாதி கடந்தும் மழை இல்லை, புழுக்கம் மட்டும் இருக்கிறது. கரிசல் மண் மேலே காய்ந்தும் அடியில் பிசுபிசுத்தும் செருப்பில் அப்புகிறது, ஒவ்வொரு தடவை எழுந்து நடந்தாலும் ஓர் அங்குலம் உயரமாகிவிடுகிறேன். எதிரே நாற்பத்தொரு குழிமேடுகள். நேற்று முழுக்க நின்று சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். அடித்தவன் நாற்பதோடு நிறுத்திவிட்டு, ஒண்ணுதான சார் விட்டுப்போச்சு, தெரியவா போகுது என்றான். தெரியுமா, தெரியாதா என்பதா கேள்வி. நாற்பத்தொன்று என்றால் நாற்பத்தொன்று. திரும்பக் கூப்பிட்டு அடிக்க வைத்தேன், முனகிக்கொண்டே அடித்தான். அந்தக் கடைசி மேட்டின் தலைமாட்டில்தான், கிழக்குப் பக்கம் மூன்றாம் வரிசையில், கறுப்புக் கல் பதித்திருக்கிறது. சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன், சாமியார் வந்ததும் எடுக்கலாம் என்று. சாக்குக்கு அடியில் என் பெயர் இருக்கிறது. இன்னாசி, 1965. கல் வெட்டிக் கொடுத்தவன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, உங்க பேரு என்ன சார் என்று ரசீதுக்காகக் கேட்டான். சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டான்.

இறந்துபோன பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான், அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டு வருஷம் முன்னால் பிறந்தவன் மூன்று நாள் இருந்தான். நான்காம் நாள் இல்லை. அவனுக்கென்று அப்பா எடுத்து வைத்திருந்த பெயர் எனக்கு வந்தது, தொட்டிலும்கூட அதுதான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இதை நான் ஐம்பத்தைந்து வருஷம் யோசிக்கவே இல்லை. யோசிக்க வைத்தவன் ஜெரோம், அக்கா மகன், ஷார்ஜாவில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு குடும்ப மரம் வரைகிறவன். மாமா, உங்க பெட்டிக்கும் அம்மா பெட்டிக்கும் நடுவுல ஒரு பெட்டி காலியா இருக்கு, கல்லறை போட்டோ இருந்தா அனுப்புங்க, சிவப்பா காட்டிக்கிட்டே இருக்கு என்றான். அவனுக்குச் சிவப்பு போக வேண்டும். சரி என்று தேட ஆரம்பித்தேன், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியப்போகிற வேலை என்று நினைத்து. இரண்டு வருஷம் ஆனது. எங்கள் ஊர் சூசைபுரமே இல்லை, அப்புறம் அதன் கல்லறை எங்கே இருக்கும். இருபத்தாறு வீடு, ஒரு கோயில், ஒரு கிணறு. கிணறு உப்பானதும் எழுபத்தொன்றில் ஊரோடு கிளம்பி மெயின்ரோட்டுக்குப் போய்விட்டார்கள். கோயில் ஓட்டையும் உத்தரத்தையும் எடுத்துப் போனார்கள், மணியை எடுத்துப் போனார்கள், செத்தவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். அதன் மேல் சீமைக்கருவேலம் ஐம்பது வருஷம் வளர்ந்தது. கேட்ட பெரியவர்கள் மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினார்கள், மூவரும் சத்தியம் செய்தார்கள். கிராம அலுவலகத்தில், அப்படி ஒண்ணு நம்ம லிமிட்டுலயே இல்லையே சார் என்றார்கள். நான்தான் பழைய புலப்படத்தைத் தூசி தட்டி, கிழிந்த மூலையை ஒட்டி, கிறிஸ்தவர் மயானப் புறம்போக்கு என்று ஓரத்தில் எறும்பு மாதிரி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தேன். நான்தான் முள்ளுக்குள் புகுந்து சுவரின் அடித்தளத்தை வெட்டிப் பார்த்தேன். புலப்படத்தின் கோடும் சுவரும் நான்கு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று இருந்ததா என்று யோசித்திருக்கிறேன். யோசித்திருக்கக் கூடாது.

அப்புறம் எண்ணிக்கை. பங்குக் கோயிலில் பழைய அடக்கப் பதிவேட்டைக் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். சூசைபுரம் என்று தலைப்புப் போட்டு நாற்பத்தொரு வரி. நாற்பது வரி படிக்க முடிந்தது. ஒரு வரியை மட்டும் கரையான் தின்றிருந்தது, ஓரத்தில் குழந்தை என்ற சொல்லின் பின்பாதி மட்டும் மிச்சம். இங்கே மேடு நாற்பத்தொன்று. இதைவிட என்ன வேண்டும் ஒரு நில அளவனுக்கு. கரையான் தின்ற வரிதான் என் அண்ணன் என்று முடிவு செய்தேன். சின்ன மேடுகள் ஒன்பது இருந்தன, வரிசையை வைத்துக் கழித்துக் கழித்துக் கிழக்குக் கடைசியில் வந்து நின்றேன். அழுதேன்கூட. யாரும் இல்லை, அழலாம் போலிருந்தது. சுற்றிலும் உள்ள நிலத்தையெல்லாம் சோலார் கம்பெனி வாங்கிவிட்டதால் அவசரமாக எல்லை காட்ட வேண்டியிருந்தது. பங்குக் கோயிலிலிருந்து மனு கொடுத்தார்கள், அலுவலகத்தில் என்னையே போகச் சொன்னார்கள், அளந்தேன், கல் நட்டேன், சுவருக்கு வெளியே அடக்கம் ஏதும் இல்லை, குப்பைக் கற்கள் மட்டும் என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்லை ஒட்டி பங்குக்காரர்கள் கம்பிவேலி போட்டார்கள். மேற்கே கம்பெனி ஜேசிபி முள்ளை வாரிக்கொண்டே வந்து வேலிக்கு முப்பதடியில் நிற்கிறது. மிச்ச முப்பதடியை, சாமியார் மந்திரித்துவிட்டுப் போன பிறகு வாருகிறோம் என்று மரியாதையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எல்லாம் முறைப்படி, ஒரு குறையும் இல்லை. அப்படியானால் ஏன் ஒன்று நாற்பதுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏன் நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. நாற்பதாவது மேட்டோடு நிறுத்திவிடலாம் என்று ஒருவன் சொன்னதற்கு ஏன் அவ்வளவு கோபம். இப்படியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அக்கா போன் செய்தாள்.

ஏல, மெழுகுதிரி வாங்கிட்டியா? வாங்கிட்டேன். பூ? வாங்கிட்டேன்க்கா. வத்தி? அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா? சின்னப் பிள்ளையா இருந்தா சொன்னதக் கேப்ப, கல்ல எங்கன வச்சிருக்க? கிழக்குப் பக்கம், மூணாவது வரிசை, கடைசி மேடு. மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேசுகிறாள் என்று தெரிந்தது, மூச்சு அப்படி வாங்கியது. கிழக்க எதுக்குல வச்ச, அவன் மேக்கல்லா கெடக்கான் என்றாள். மேக்க எங்க? சுவத்துக்கு அங்கிட்டு. அங்கிட்டுன்னா? அங்கிட்டுன்னா அங்கிட்டுதாம்ல, வெளிய. ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளய உள்ள எப்படி வைப்பாவ? கொஞ்சமாவது தெரியாண்டாமா, கோயில் உபதேசியார் மவன்தான நீ. அவள் சாம்பாருக்குப் புளி போதாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இத ஏன்க்கா ரெண்டு வருஷமாச் சொல்லல? நீ எப்பக் கேட்ட? தேடிக்கிட்டே இருக்கேன்னு வாராவாரம் சொன்னேனே. கல்லறையத் தேடுதேன்னு சொன்ன, அண்ணனத் தேடுதேன்னு ஒருநாளாவது சொன்னியா? என்னட்ட ஒரு வார்த்த கேட்டா உன் படிப்புக்குக் கொறச்சலு. நான் சுவத்து மேலதாம்ல உக்காந்திருந்தேன், அஞ்சு வயசு, காலு அங்கிட்டுத் தொங்குது, அப்பா குனிஞ்சு வெட்டுதாரு. மணியும் அடிக்கல, செபமும் சொல்லல. துண்டுல சுத்திக் கொண்டாந்த பிள்ளய வச்சு மூடிட்டு, நாய் தோண்டிரக் கூடாதுன்னு நம்ம வீட்டுத் திருகைய, அதான் ஒடஞ்ச பாதி இருந்துச்சே, அதத் தூக்கி மேல வச்சாரு. அப்புறம் என்னயத் தூக்கி இங்கிட்டு எறக்கி விட்டாரு.

எழுந்தேன். ஆமாம், எழுந்துவிட்டேன், பாம்பைக் கண்டவன் மாதிரி. போன் காதில் இருந்தது, அக்கா ஏதோ வத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி வட்டம், நடுவில் பாதி ஓட்டை, ஓரத்தில் கைப்பிடிக் குச்சி செருகுகிற சின்னக் குழி, அதில் என் மூக்குக்கண்ணாடிக் கூடு. நாலு தடவை இதில் உட்கார்ந்து இட்லி தின்றிருக்கிறேன். இதன் மேல் காகிதத்தை விரித்து நாற்பத்தொரு பெயரையும் அழகாகப் படி எடுத்திருக்கிறேன், கரையான் தின்ற வரிக்கு நேரே இன்னாசி என்று எழுதியதும் இதன் மேல் வைத்துத்தான். திருட்டு மாதிரி இருந்தது. திருட்டுதானே. பெயரை எடுத்துக்கொண்டேன், தொட்டிலை எடுத்துக்கொண்டேன், மிச்சமிருந்தது ஒரு பாதிக் கல், அதையும் நிழலில் உட்கார எடுத்துக்கொண்டேன். இல்லை, இப்படியெல்லாம் நினைப்பது ஆடம்பரம், உதவாத நினைப்பு. யோசிக்க வேண்டியது இதுதான்: கல் எங்கே கிடந்தது, மேற்கு என்றால் மேற்கில் எங்கே. நூற்றுப் பதினாறு அடி நீளச் சுவர் அது. தெற்கு மூலையா, நடுவா, அந்தக் கத்தாழைக்குப் பக்கத்திலா. கத்தாழை இப்போது இல்லை, யாரோ வெட்டிவிட்டார்கள். யாரோ இல்லை, நான்தான் வெட்டச் சொன்னேன், டேப் பிடிக்க மறைக்கிறது என்று.

அக்கா, அப்பாதான உபதேசியாரு, அவரே தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திருக்கலாமே என்றேன். கேட்டிருக்க வேண்டாம். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான், எத்தனை வீட்டில் ராப்பகல் பாராமல் ஓடிப்போய் ஊற்றியிருக்கிறார். அப்பா எங்கல இருந்தாரு, பக்கத்து ஊருல நம்மள மாதிரி ஒரு வீட்டுல பிள்ளைக்குச் சீக்குன்னு தண்ணி ஊத்தப் போயிருந்தாரு, வந்து பாத்தா இங்க முடிஞ்சு போச்சு என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், அம்மா அவரு காலப் பிடிச்சுக் கேட்டா, உயிர் இருக்கையிலயே ஊத்திட்டேன்னு சொல்லுங்க, யாருக்குத் தெரியப் போவுதுன்னு. அதுக்கு அவரு, ஊரான் பிள்ளய எல்லாம் நாந்தானட்டி வெளிய வைக்கச் சொன்னேன், எம் பிள்ளய மட்டும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உள்ள வைப்பேன்னாரு. அதுக்கப்புறம் அம்மா அதப் பத்திப் பேசவே மாட்டா. சரி, நேரமாச்சு, சாமிக்கு எளநி ஏதும் வாங்கி வச்சிருக்கியா இல்லியா? போனை வைத்துவிட்டாள். அவள் எப்போதும் இப்படித்தான், தலையில் கல்லைப் போட்டுவிட்டு இளநீரைப் பற்றிக் கேட்பாள்.

அப்பா அப்படித்தான் சொல்லியிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனபோது வயது பதினோரு நாள் குறைந்தது. தலைமையாசிரியரே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பதினோரு நாள்தான உபதேசியாரே, ஒரு மாசம் முந்திப் போட்டுக்கிடுவோம் என்றார். அப்பா, பிறந்த அன்னைக்குத்தான சார் பிறந்தான் என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் திரும்ப நடத்திக் கூட்டி வந்தார். ஒரு வருஷம் வீட்டில் கிடந்தேன். வேலைக்கு வந்ததிலும், பதவி உயர்வு பட்டியலிலும், அந்த ஒரு வருஷம் இன்றுவரை என்னை ஓர் ஆள் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதைப் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அவர் மகன் என்று காட்டிக்கொள்ள என் டேப்பை ஒரு விரல்கூட இழுத்ததில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பையன், கல்யாணமாகி மூன்று மாதம், ஒரு வரப்பில் நாற்பது சென்டிமீட்டர் விட்டுவிட்டான். ஓர் ஏழைக் கிழவியின் கிணற்றுமேடு மறுபக்கம் போகக் கூடாது என்று தெரிந்தேதான் விட்டான். நான் மேலே எழுதினேன், விளக்கம் கேட்டார்கள், அலுவலக மாடிப்படியில் கண் கலங்கி நின்றான். சார், கோடு சரியாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பாட்டி கிணத்துல இருந்து தண்ணி எடுக்கணும்ல என்றான். கோடு யாருக்காகவும் வளையாது தம்பி என்றேன். எவ்வளவு நிம்மதியாகச் சொன்னேன். அப்பா திருகைக்கல்லை வைத்துவிட்டு அக்காவைச் சுவருக்கு இந்தப் பக்கம் இறக்கி விட்டபோது அவருக்கும் அந்த நிம்மதி இருந்திருக்குமா. இருந்திருக்காது என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. அவர் ராத்திரிகளில் எழுந்து உட்கார்ந்து இருமுவார். நாங்கள் ஆஸ்துமா என்று நினைத்தோம். ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் காரணம் தேடுவது என் வியாதி.

இரண்டு இருபத்தைந்து. அப்போதுதான் அளவைப் புத்தகம் ஞாபகம் வந்தது. பைக்குள் எப்போதும் இருப்பதுதான், ஞாபகம் வர அரைமணி நேரம் பிடித்தது. கோட்டிலிருந்து பக்கவாட்டில் இருக்கும் எதையும், அது கிணறோ மரமோ மைல்கல்லோ, தூரத்தோடு குறித்து வைப்பது எங்கள் பழக்கம். நான் கொஞ்சம் அதிகம், ஆட்டுப்புழுக்கையைத் தவிர எல்லாவற்றையும் குறிப்பேன் என்று கேலி செய்வார்கள். மேற்குச் சுவர், தெற்கு மூலையிலிருந்து, மீட்டர் கணக்கில். சுவரோடு பதினொன்று அறுபது போய், அங்கிருந்து வெளியே ஒன்று தொண்ணூறு, அம்மிக் குழவி உடைந்தது. பதிமூன்று பத்தில் இரண்டு ஐந்து, உரல் விளிம்புத் துண்டு. பதினாறு முப்பதில் இரண்டு நாற்பது, திருகைக்கல் பாதி. பதினெட்டில் ஒரு கல். இருபதில் இரண்டு கல். கடைசியாக ஒன்று, அம்மியின் கால்பகுதி. மொத்தம் ஏழு, குப்பைக் கற்கள் என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறேன். ஏழு வீட்டு உடைந்த கல், ஒரே வரிசையில், சுவரிலிருந்து ஓர் ஆள் படுக்கிற தூரத்தில். எந்த ஊரில் குப்பை இப்படி வரிசை பிடித்துக் கிடக்கும். ஏழு தடவை பேனாவை எடுத்தவனுக்கு ஏழு தடவையும் தோன்றவில்லை. பதிவேட்டில் நாற்பத்தொன்று இருந்தது, மேடு நாற்பத்தொன்று இருந்தது, அப்புறம் எதற்குத் தோன்றும். பதிவேட்டில் எழுதியதே அப்பாதான், உள்ளே வைத்தவர்களை மட்டும்தான் எழுதியிருப்பார். அப்படியானால் கரையான் தின்ற வரி வேறு யாரோ ஒருவர் பிள்ளை. அதன் தலைமாட்டில் என் பெயரைக் கறுப்புக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறேன். மனசுக்குள் இன்னாசி, 1965 என்று ஓடியது. எரிச்சல் தாங்காமல் சாக்கை எடுத்து எறிந்தேன், பிறகு அது கண்ணில் படுகிறதே என்று திரும்பப் போய் மூடினேன்.

கார்மேகம் ஃபிளாஸ்கோடு வந்தான். கம்பெனியின் சைட் சூப்பர்வைசர், விருதுநகர் பக்கம், முப்பத்தைந்து வயது, மண்டையில் மஞ்சள் தொப்பி, எந்நேரமும் சிரிப்பு. சார், டீ சாப்பிடுங்க, முகம் என்ன ஓட்ட பந்துக்குக் காத்தடிச்ச மாதிரி இருக்கு என்றான். சாமி எப்ப சார் வருவாரு, மூணுக்கு மேல ஆச்சுன்னா டிரைவர் கழட்டிக்கிட்டுப் போயிருவான். கார்மேகம், இந்த வேலிக்கு வெளிய ஒரு பத்தடி, பத்தடி போதும், தோண்டாம விட முடியுமா? அவன் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. பத்தடியா, தம்பிடி விட முடியாது சார், படம் போட்டாச்சு, கம்பம் நடுற இடமெல்லாம் கம்ப்யூட்டர்ல புள்ளி வச்சாச்சு, நான் ஒரு புள்ளிய நகத்துனா என்ன நகத்திருவாங்க. ஏன் சார், என்ன கெடக்கு அங்க? பிள்ளைங்க கெடக்கு. அவன் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான், காய்ந்த முள்ளையும் கல்லையும் பார்த்தான். நீங்கதான சார் ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் குடுத்தீங்க, உங்க அறிக்கைய வச்சுத்தான படமே போட்டாங்க என்றான். அது தப்பா இருந்தா? எது சார்? என் அளவு. அவன் உண்மையிலேயே வாய்விட்டுச் சிரித்தான். இன்னாசி சார் அளவா, எங்க இன்ஜினியரே சொன்னாரு, அந்த ஆளு சட்டையில பட்டன் தூரத்தக்கூட அளந்துதான் போடுவாருன்னு. டீ நன்றாக இருந்தது. அது வேறு எரிச்சலாக இருந்தது.

மறு அளவை கேட்டால் வேலை நிற்கும். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் யாரோ வந்து கேட்பதற்கு மாதக் கணக்காகும். இன்றைக்கே நிற்க வேண்டுமென்றால் அளந்தவனே எழுத வேண்டும், பிழை என்று. பிழையே இல்லை. சுவர் கோட்டில் இருக்கிறது, கோடு சுவரில் இருக்கிறது, உலகத்தில் எந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்தாலும் ஒரு விரல் மாறாது. அந்த ஏழும் கிடப்பது யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தில், அவர் விற்றுவிட்டார், அதில் தப்பில்லை. பிழை என்று நான் எழுதினால் அது பொய். மறு அளவைக்கு மேலதிகாரி வருவார், அளப்பார், சரியாகத்தானே இருக்கிறது, ஏன் இப்படி எழுதினீர் என்பார். அதற்குள் ஒரு மாதமோ இரண்டு மாதமோ. அந்த இடைவெளியில் பங்குச் சபை கம்பெனியிடம் பேசலாம், அந்த ஏழு வீட்டுக்காரர்களையும் தேடிக் கண்டுபிடிக்கலாம், கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எனக்கு நிச்சயமாகக் கிடைப்பது விளக்கம் கேட்கும் கடிதம். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது. மாடிப்படியில் நின்றவன் இப்போது தாலுகா தலைமை அளவர், காகிதம் அவன் மேஜைக்குத்தான் போகும். இன்னாசி சாருக்கே பிழையா என்று அவன் கேட்க மாட்டான், பேசாமல் படித்துவிட்டுப் பக்கத்தில் வைப்பான். அதைத்தான் தாங்க முடியாது. அப்பா அன்றைக்கு ஒரு வாய் பொய் சொல்லியிருந்தால் இதெல்லாம் வேண்டாம். ஊற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை. மணி அடித்திருக்கும், சுவருக்கு உள்ளே ஒரு மேடு, பதிவேட்டில் ஒரு வரி, எனக்கு வேறு பெயர். சூசையோ சவரியோ. அம்மா பேசியிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவர் மேல் இவ்வளவு கோபம் எனக்கு எங்கே இருந்தது. இத்தனை நாள் இதையே மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ.

மூன்று இருபதுக்கு பைக் சத்தம். செலஸ்டின் சாமி, சின்னப் பையன் மாதிரி இருப்பார், அங்கியைச் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தார், தீர்த்தச் செம்பு பாலிதீன் கவருக்குள். சாரி சார், அங்க மைக் செட்காரன் வராம இழுத்துட்டான், அஞ்சு மணிக்குள்ள திரும்பணும், ஆரம்பிச்சுருவோமா என்று அங்கிக்குள் தலையை நுழைத்தார். தலை வெளியே வரும்வரை காத்திருந்து சொன்னேன். ஃபாதர், சுவத்துக்கு வெளிய ஏழு பேர் இருக்காங்க, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைங்க. அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, ஓ, பழைய வழக்கமா, அதெல்லாம் இப்ப இல்ல சார், இப்ப அதுக்குன்னு தனிச் செபமே இருக்கு, தாராளமா மந்திரிக்கலாம் என்றார். தாராளமாக. இப்ப இல்ல. ஒரு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வது போல. அந்த வழக்கத்தை எப்போது எடுத்தீர்கள், எடுத்ததை யாரிடம் சொன்னீர்கள், அப்பாவிடம் யாராவது வந்து சொன்னீர்களா, அவர் எண்பத்தெட்டாம் வருஷம்வரை உயிரோடுதானே இருந்தார் என்று கேட்க வாயெடுத்தேன். இந்தப் பையன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான். ஆனா சார், அது கம்பெனி இடம்ல, நீங்களே அளந்து குடுத்தது, வேலிக்கு வெளிய போய் நாம மந்திரிச்சா நாளைக்கு ஏதும் பிரச்சினை வந்துராதா என்றார். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். கார்மேகம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்தான். ஜேசிபிக்காரன் எஞ்சினைப் போட்டுவிட்டான், புகை நேராக மேலே போயிற்று, காற்றே இல்லை.

அளவைப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்தேன். நகலுக்கு அடியில் மை தாளும் இன்னொரு தாளும் வைத்தேன், பழக்கம். எழுத மேடை வேண்டும், திருகைக்கல்லின் முன்னால் மண்டியிட்டுத்தான் எழுத முடிந்தது. பெறுநர், வட்டாட்சியர். பொருள், சூசைபுரம் மயானப் புறம்போக்கு, மேற்கு எல்லை. மேற்படி எல்லையை அளந்ததில் என்னால் பிழை நேர்ந்துள்ளது. மறு அளவை முடியும்வரை சுவருக்கு மேற்கே மூன்று மீட்டர் அகலத்துக்கு எந்தப் பணியும் செய்யாமல் நிறுத்திவைக்க வேண்டுகிறேன். பிழை நேர்ந்துள்ளது என்ற இடத்திலும் என் கையெழுத்து வழக்கம்போல் குண்டு குண்டாகத்தான் வந்தது. கீழே ஒப்பமிட வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றது. எத்தனை ஆயிரம் தடவை போட்ட கையெழுத்து. இன்னாசி. ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளை எழுதுவது போல எழுதினேன். அவனும் எழுத வேண்டிய பெயர்தானே, ஒரு காகிதத்திலும் எழுதாமல் போனவன். கார்மேகத்தைக் கூப்பிட்டு வேலி வழியாக நகலை நீட்டினேன். படித்தான். திரும்பப் படித்தான். சார், நீங்கதான அளந்தீங்க? ஆமா. தப்பா அளந்துட்டீங்களா? ஆமா. நீங்களா? ஆமாங்கேன்ல, என்னத்துக்குக் கேட்டுக்கிட்டே இருக்க என்று கத்திவிட்டேன். சாமியார் செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கார்மேகம் தாளை மடித்துப் பையில் வைத்தான், என் முகத்தையே பார்த்தான், பிறகு திரும்பி ஜேசிபி பக்கம் கையை உயர்த்திக் காட்டினான். எஞ்சின் நின்றது. மேலிடத்துல எனக்குத் திட்டு விழும் சார் என்றான். எனக்கும்தான் என்றேன்.

கல்லைத் தூக்கினேன். போன மாதம் தூக்கி வந்ததைவிடக் கனமாக இருந்தது, இல்லை, அதே கனம்தான், வயதாகிறது. வேலிக் கம்பிக்கு மேலே கார்மேகம் வாங்கிக்கொண்டான், நான் குனிந்து நுழைந்து போனேன், முள் சட்டையைக் கிழித்தது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மூலைக் கல்லிலிருந்து டேப்பை இழுத்துப் பதினாறு முப்பதில் ஒரு குச்சி நட்டேன். அங்கிருந்து வெளியே அளக்க ஒரு ஆள் வேண்டும், டேப் வட்டத்தைக் கார்மேகம் சுவரோடு சேர்த்துப் பிடித்தான், நான் நுனியோடு பின்னால் நடந்தேன். எவ்வளவு சார்? ரெண்டு நாப்பது. அவன் எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அந்தச் சிரிப்பு திரும்ப வந்துவிட்டது.

இதாவது சரியா இருக்குமா சார்?

இது சரிதான் என்று சொல்லிவிட்டுக் கல்லை இறக்கினேன்.